அளவு நோட்டில் ஒரு பக்கம்

நவம்பர் கடைசி வாரத்தில் எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் சாமியாருக்கு (பாதிரியாருக்கு) ஒத்தாசை செய்யும் உபதேசியார் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து மிஷின்மேல் வைத்தார். "ஊதா உடுப்புல லேஸ் பிஞ்சு போச்சு. ஞாயித்துக்கெழம முதல் பூசைக்கு வேணும், பாத்துக்கிடுங்க" என்றார். கூலி பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கோயில் வேலைக்குக் கூலி கேட்டால் அம்மா கல்லறையிலிருந்து எழுந்து வந்துவிடுவாள்.

குமரி மாவட்டத்தில் கருங்கல் ஊர்ப் பக்கத்தில், வீட்டு முன்னறையில் இரண்டு மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். இருபத்துமூன்று வருஷம் ஆகிவிட்டது. சுடிதார், பாவாடை, பள்ளிக்கூட யூனிஃபார்ம் எல்லாம் உண்டு. ஆனால் பேர் வாங்கியது ஜாக்கெட்டில்தான்.

பூசை உடுப்பை விரித்துப் பார்த்தேன். கழுத்து ஓரத்தில் தங்க நிற லேஸ் ஒரு சாண் நீளத்துக்குக் கிளம்பியிருந்தது. தோள்மடிப்பில் நிறம் வெளுத்து, ஊதாவும் இல்லை சாம்பலும் இல்லை என்று ஒரு நிறத்துக்கு வந்திருந்தது. முன்பக்கம் ஒரு சொட்டு மெழுகு. மெழுகை நகத்தால் சுரண்டக்கூடாது, இழை கிளம்பிவிடும். மேலும் கீழும் காக்கிக் காகிதத்தை வைத்து, இஸ்திரிப் பெட்டியை லேசான சூட்டில் அழுத்தினால் மெழுகு உருகிக் காகிதத்துக்குப் போய்விடும். மூன்று காகிதம் மாற்றினேன். மூன்றாவதில் கறை ஒட்டவில்லை.

வருஷத்தில் அதிக நாள் சாமியார் உடுத்துவது பச்சை. அதில் மூன்று நாலு இருக்கின்றன, மாற்றி மாற்றி உடுத்துவார். ஊதா ஒன்றே ஒன்றுதான். திருவருகைக் காலத்துக்கு அதுதான், நாற்பது நாள் தவக்காலத்துக்கும் அதுதான், சாவுப் பூசைக்கும் அதுதான். என் அம்மாவின் அடக்கப் பூசையிலும் அந்தத் தோள்மடிப்பைத்தான் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். அப்போது கவனித்ததாக ஞாபகம் இல்லை.

வேறு மதத்தவர்களும் இதைப் படிக்கிறீர்கள் என்பதால் ஒரு வார்த்தை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளும் அவற்றுக்கு நடுவில் வரும் நாட்களும் எங்களுக்குத் திருவருகைக் காலம். பாட்டி ஆகமன காலம் என்பாள். கிறிஸ்துமஸ் எந்தக் கிழமையில் விழுகிறதோ அதைப் பொறுத்து 22 நாளும் வரும், 28 நாளும் வரும். இந்த வருஷம் நவம்பர் 30-இல் தொடங்கியதால் 25 நாள். இந்த ஞாயிறுகளில் 'உன்னதங்களிலே' என்று தொடங்கும் வானவர் கீதத்தைப் பாட மாட்டோம். அல்லேலூயா மட்டும் உண்டு. தவக்காலத்தில் அதுவும் நின்றுவிடும். ஆக இது முழுத் துக்கமும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை. வாசலில் நின்று தெருவைப் பார்ப்பதுபோல ஒரு காலம்.

சாமியார்கள் வருஷா வருஷம் சொல்வார்கள்: "வீட்டுக்கு வெள்ளையடிக்கிறீங்க, துணி எடுக்கிறீங்க, கேக்குக்குச் சொல்றீங்க, இருதயத்தை எப்போ தயாரிப்பீங்க?" சரி, நியாயமான கேள்விதான். ஆனால் அந்தத் துணியெல்லாம் வந்து சேரும் இடம் என் முன்னறை. ஊருக்கெல்லாம் திருவருகைக் காலம், எனக்கு நிலுவைக் காலம். டிசம்பர் 10-க்கு மேல் ஆர்டர் எடுப்பதில்லை என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அந்தத் தாளுக்குக் கீழே நின்றுகொண்டே, "அக்கா, ஒண்ணே ஒண்ணு" என்பார்கள். எடுத்துவிடுவேன். 24-ஆம் தேதி ராத்திரி பத்தரை மணிக்கும் யாருக்காவது ஹூக் வைத்துக்கொண்டிருப்பேன்.

பாதிராப் பூசையில் ஒரு நேரம் உண்டு. சாமியார் 'உன்னதங்களிலே' என்று எடுத்ததும் நாலு வாரமாகப் பூட்டி வைத்திருந்த பாட்டு திறந்துகொள்ளும். கோயில் மணி, பீடத்து மணி, பாலர் சபைப் பிள்ளைகளின் கைமணி எல்லாம் ஒரே நேரத்தில் அடிக்கும். குடிலின் திரை விலகி விளக்கு எரியும், பாலன் சுரூபம் தெரியும். அந்த நேரத்துக்குத்தான் மற்ற எல்லாமே. இருபத்துமூன்று வருஷத்தில் ஒன்பது தடவை நான் அதைத் தவறவிட்டிருக்கிறேன். சேலையில் நூல் துணுக்கு ஒட்டியிருக்க, பிரசங்கம் நடக்கும்போது உள்ளே நுழைந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, தூங்கியும் போயிருக்கிறேன். என் கையால் தைத்த ஜாக்கெட்டுகள் முன்வரிசையில் வரிசையாக நிற்கும். அவற்றின் முதுகைப் பார்த்தபடியே கண் சொருகும்.

இந்த வருஷம் முதல் ஞாயிறு வாசகம் மத்தேயு 24. நோவா காலத்தில் வெள்ளம் வரும்வரை ஜனங்கள் உண்டு குடித்து, பெண் கொண்டு, பெண் கொடுத்துத் திரிந்தார்கள் என்று வரும் பகுதி. அதிலே, ஆண்டவர் வரும் நாளில் இரண்டு பெண்கள் திரிகையில் மாவு அரைத்துக்கொண்டிருப்பார்கள், ஒருத்தி எடுத்துக்கொள்ளப்படுவாள், மற்றவள் விடப்படுவாள் என்று ஒரு வரி. எனக்குச் சட்டென்று எங்கள் முன்னறை ஞாபகம் வந்தது. இரண்டு மிஷின், இரண்டு பெண்கள். யார் எடுக்கப்படுவாள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏனென்றால் காஜா எடுக்கவும் ஹெம்மிங் பார்க்கவும் என்னிடம் வருகிற பிள்ளை, மார்த்தாண்டம் பக்கத்து மலங்கரை சபைக்காரி. அவர்களுக்கு டிசம்பர் 1 முதல் 25 நோன்பு. மீன் கிடையாது, இறைச்சி கிடையாது. கிறிஸ்துமஸ் பூசை முடிந்துதான் மீன்சட்டி அடுப்பில் ஏறும். நாங்கள் லத்தீன் சபை. எங்களுக்கு இந்தக் காலத்தில் கட்டாய நோன்பு இல்லை. பாட்டி காலத்தில் 24-ஆம் தேதி ஒருசந்தி இருப்பார்கள், இப்போது அதுவும் கேள்விப்பட்ட கதை. மீன் இல்லாமல் சோறு இறங்காத ஊர் எங்களுடையது. மத்தியானம் நான் சாளைக் குழம்பைத் திறப்பேன், அவள் தூக்குச்சட்டியில் பயறுத் தொவரனைத் திறப்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பக்கத்து வீட்டுத் தம்பி வேறு கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டுவிட்டான். கறுப்பு வேட்டி, வெறும் கால், விடியற்காலைப் பச்சைத் தண்ணீர்க் குளியல். 41 நாள். வருஷா வருஷம் அவனுக்கு இருமுடிப் பை நான்தான் தைத்துக் கொடுக்கிறேன். முன்முடி சாமிக்கு, பின்முடி மலைக்குப் போகிறவனின் சொந்தத் தேவைக்கு. நடுவில் தோளில் உட்காரும் பாகத்துக்கு இரட்டைத் தையல் போட வேண்டும். "சாமி, பலமா தைச்சிருக்கேன்" என்று கொடுத்தபோது, "உங்களுக்கு என்ன விரதம் அக்கா?" என்று கேட்டான். மனசுக்குள் வைத்துக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். இருதயத்தில்தான் விரதம் என்றேன். பெரிய வேதபாரகர் போலச் சொல்லிவிட்டேனே தவிர, அன்றைக்கு என் இருதயத்தில் பாக்கி ஜாக்கெட் கணக்கைத் தவிர ஒன்றும் இல்லை.

ஒரு காலத்தில் எங்கள் பக்கமும் நோன்பு இருந்திருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டில் பிரான்ஸின் தூர் நகரத்தில், புனித மார்ட்டின் திருநாளான நவம்பர் 11 முதல் கிறிஸ்துமஸ் வரை வாரத்தில் மூன்று நாள் நோன்பு என்று வைத்திருந்தார்களாம். குட்டித் தவக்காலம். அது எப்படிக் கரைந்து கேக்காக மாறியது என்று தனியாகத்தான் எழுத வேண்டும்.

சின்ன வயசில் மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் ஒரு பழக்கம் வைத்திருந்தார். குடிலில் காலியாக ஒரு தீவனத்தொட்டி இருக்கும். ஒரு நல்ல காரியம் செய்தால் ஒரு வைக்கோல் போடலாம். இருபத்தைந்து நாளும் போட்டால் பாலனுக்கு மெத்தை. நான் வீட்டுத் தொழுவத்திலிருந்து ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டு போய் மொத்தமாகப் போட்டேன். சிஸ்டர் பாராட்டினார். அம்மா மட்டும் விஷயத்தைப் பிடித்துவிட்டாள். "பாலனுக்கு மெத்த சொகமாத்தான் இருக்கும். உனக்குத்தான் குத்தும்" என்றாள். அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் 1223-இல் இத்தாலியின் கிரேச்சோவில் முதன்முதலில் குடில் அமைத்தபோது அதில் சுரூபமெல்லாம் இல்லையாம். தீவனத்தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான். பிறகு அந்த வைக்கோலை எடுத்துப்போய் நோய் வந்த மாடுகளுக்குக் கொடுத்தார்கள் என்று அவர் வரலாற்றில் இருக்கிறது. எனக்குப் பிடித்த இடம் அது.

காத்திருத்தல் என்கிற வார்த்தைக்கு வருகிறேன். திருவருகைக் காலம் காத்திருப்பின் காலம் என்று ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன். அதன் பொருள் தெரிந்தது 2017-இல்.

அந்த வருஷம் நவம்பர் 30, வியாழக்கிழமை, ஒக்கி புயல். எங்கள் வீட்டைச் சுற்றி ரப்பரும் வாழையும் சாய்ந்து கிடந்தன, கம்பம் விழுந்து பல நாள் கரண்ட் இல்லை. மோட்டாரைக் கழற்றிவிட்டுக் கால்மிஷினை மிதித்தேன். மூன்றாம் நாள், டிசம்பர் 3, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்று வாசகம் மாற்கு 13. வீட்டுத் தலைவர் மாலையிலா, நள்ளிரவிலா, சேவல் கூவும் வேளையிலா, எப்போது வருவாரோ தெரியாது, விழித்திருங்கள் என்பது. மெழுகுதிரி வெளிச்சத்தில் சாமியார் வாசித்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார்.

தூத்தூர் பக்கத்துக் கடற்கரைக் கிராமத்திலிருந்து ஒரு அக்கா என்னிடம் தைக்க வருவார். அவர் பிறந்த வீடு எங்கள் தெரு. நவம்பர் நடுவில் ஒரு குங்கும நிறத் துணி கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்த ஊர் ஆட்கள் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள். சுறாவும் சூரையும் தேடி நாள் கணக்கில் கடலிலேயே இருப்பார்கள். புயலுக்கு முன்னாலேயே போன படகுகளுக்குத் தகவல் போய்ச் சேரவில்லை. அவர் வீட்டுக்காரர் அப்படிப் போன ஒரு படகில் இருந்தார். எங்கள் அன்பியத்திலிருந்து, அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த செபக்குழுவிலிருந்து, அரிசியும் மெழுகுதிரியும் எடுத்துக்கொண்டு போனோம். கோயில் முற்றத்தில் பெண்கள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அழுகை இல்லை. மடியில் ஒரு போன். லட்சத்தீவில் படகுகள் ஒதுங்கியிருக்கின்றன, மகாராஷ்டிராவில் ஒதுங்கியிருக்கின்றன, குஜராத்தில் என்று ஒவ்வொரு நாளும் ஒரு கரையின் பேர் வரும். எந்தக் கரையிலிருந்து யாருக்கு மணி அடிக்கும் என்று தெரியாது. ஒரு போன் அடித்தால் முற்றம் முழுக்க ஒரே தடவையில் திரும்பிப் பார்க்கும். விழித்திருங்கள் என்றால் இதுதான் என்று எனக்கு யாரும் பிரசங்கம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

அந்த அக்காவுக்குப் போன் வந்தது. வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். குங்கும நிற ஜாக்கெட்டைத் தைத்து முடித்து 22-ஆம் தேதி கொடுத்தனுப்பினேன், திருப்பி அனுப்பிவிட்டார். போனில் கேட்டேன். "பக்கத்து வீட்டுல ஆளு வரல்ல. நான் எப்பிடிப் புதுசு உடுக்க?" என்றார். அந்த வருஷம் அந்தக் கரையில் நட்சத்திரம் கட்டவில்லை, கேரல் போகவில்லை. ஜாக்கெட் ஒரு வருஷம் என் அலமாரியில் இருந்தது. அடுத்த டிசம்பரில் வாங்கிக்கொண்டு கூலியும் கொடுத்தார். இந்த வருஷம் முதல் ஞாயிறு சரியாக நவம்பர் 30-இலேயே விழுந்தபோது, திரி ஏற்றுகையில் எனக்கு அந்த முற்றம்தான் ஞாபகம் வந்தது.

இனி சொல்ல வேண்டியது என் கதை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அம்மா கடைசி நாலு வருஷம் அண்ணன் வீட்டில் படுக்கையில் கிடந்தாள். பார்த்தது மைனி, அண்ணனின் மனைவி. குளிப்பாட்டியது, புரட்டிப் போட்டது, கஞ்சி ஊட்டியது எல்லாம் மைனி. நான் மாசம் ஒரு தடவை ஆரஞ்சுப் பழத்தோடு போவேன். 2020 பிப்ரவரியில் அம்மா போய்ச் சேர்ந்தாள். முப்பதாம் நாள் பூசை முடிந்து சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் முன்னால் கேட்டேன்: "அம்மாவுக்க கம்மல் எங்க மைனி?" கேட்ட வார்த்தை அவ்வளவுதான். கேட்ட விதம் வேறு. மைனி கையிலிருந்த சோற்றுக் கரண்டியைப் பாத்திரத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார். அப்புறம் வெளியே வரவில்லை.

அந்த மாசக் கடைசியில் ஊரடங்கு வந்தது. போகாமல் இருப்பதற்கு அரசாங்கமே எனக்குக் காரணம் கொடுத்தது. இரண்டு வருஷம் கழித்து அண்ணன் பேச்சுவாக்கில் சொன்னான். படுக்கைப்புண் மருந்துக்கு அம்மாவே கழற்றிக் கொடுத்து விற்கச் சொன்னதாம். என்னிடம் சொல்லக் கூடாது என்றும் சொன்னாளாம், அவளுக்கு வெட்கமாம். ஆக 2022-இலிருந்து எனக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் போகவில்லை. கோபம் இருந்தவரைக்கும் போகாதது ஒரு மாதிரி. கோபம் போன பிறகும் போகாதது வேறு மாதிரி, அதற்கு எனக்குப் பேர் தெரியவில்லை.

ஒவ்வொரு திருவருகைக் காலத்திலும் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன், அதாவது சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிறேன். வருஷத்துக்கு ஒரு தடவையாவது செய்ய வேண்டும் என்பது 1215-லிருந்து சபைக் கட்டளை, நான் இரண்டு மூன்று தடவை செய்கிறவள். "கோபப்பட்டேன், பொய் சொன்னேன், ஞாயிறு பூசைக்குப் பிந்தி வந்தேன்." கடையில் பில் போடுவதுபோல வரிசையாக வந்துவிடும். இந்த மாசம் 13-ஆம் தேதி சனிக்கிழமை வெளியூர்ச் சாமியார்கள் வந்திருந்தார்கள். என் வரிசைக்கு வயசான ஒருவர். நான் பில்லை வாசித்தேன். "கோபப்பட்டேன்" என்ற இடத்தில் நிறுத்தி, "யாரு மேல?" என்றார்.

இருபத்துமூன்று வருஷமாக யாரும் அதைக் கேட்டதில்லை. சொன்னேன். கம்மலையும் சொன்னேன். (ரகசியம் காப்பது சாமியாருக்குத்தான் கடமை, எனக்கில்லை. அதனால்தான் இங்கே எழுத முடிகிறது.) போய்க் காலில் விழு என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அப்படிச் சொல்லவில்லை. "மைனி பேரு என்ன?" என்றார். சொன்னேன். "அந்தப் பேரைச் சொல்லி அவங்களுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே. ஒண்ணு போதும்."

பீடத்துக்கு முன்னால் முழங்காலில் நின்றேன். அந்தச் சின்னச் செபம் ஐம்பத்துமூன்று தடவை வரும் செபமாலையை ஒரே மூச்சில் சொல்கிறவள் நான். ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா, விளக்கை அணைக்க உபதேசியார் வந்துவிட்டார்.

மறுநாள் மூன்றாம் ஞாயிறு, மகிழ்ச்சி ஞாயிறு. பெரிய கோயில்களில் ரோஜா நிற உடுப்பு உடுத்துவார்கள், எங்கள் சாமியாருக்கு அன்றைக்கும் நான் லேஸ் வைத்த ஊதாதான். ரோஜா நிறம் என்று இருந்தது, ஞாயிறுக்கு ஒன்றாகத் திரி ஏற்றும் திருவருகை வளையத்தின் மூன்றாவது திரியில் மட்டும்தான். வாசகத்தில் திருமுழுக்கு யோவான் சிறையில் இருக்கிறார். ஆற்றங்கரையில் நின்று ஊருக்கே கேட்கக் கத்தின மனுஷன், வரவேண்டியவர் நீர்தானா, இல்லை வேறு ஒருவருக்காகக் காத்திருக்கணுமா என்று ஆள் விட்டுக் கேட்கிறார். அவருக்கே சந்தேகம். எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை வேறு ஒருவரின் அளவைத் தேடிப் பழைய அளவு நோட்டைப் புரட்டினேன். என்னிடம் பதினொரு நோட்டு இருக்கிறது. இறந்தவர்களின் பக்கங்களைக்கூடக் கிழிப்பதில்லை, அம்மாவின் பக்கமும் இருக்கிறது. அதே நோட்டில், 2019 டிசம்பர் என்று தேதி போட்டு, மைனியின் பக்கம். மார்பு 38, இடுப்பு 34, தோள் 14, கை நீளம் 9, கைச்சுற்று 12. ஓரத்தில் 'கழுத்து அதிகம் இறக்க வேண்டாம்' என்று என் கையெழுத்து. ஊரில் பாதிப் பெண்களின் அளவு என்னிடம் இருக்கிறது, மாசாமாசம் திருத்தி எழுதிக்கொண்டும் இருக்கிறேன். இந்தப் பக்கத்தை ஆறு வருஷமாகத் திறக்கவே இல்லை.

டேப்பையும் நோட்டையும் பைக்குள் போட்டுக்கொண்டேன். "நிலுவ இருக்கு அக்கா" என்றாள் பிள்ளை. இருக்கட்டும் என்று சொல்லி தக்கலை பஸ் ஏறினேன்.

மைனி பின்பக்க அடுப்பில் முந்திரிக்கொத்துக்குச் சிறுபயறு வறுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. "வா, இரி" என்றார். ஒரு பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகளில் ஒன்றும் கைவசம் இல்லை.

"கம்மல் விஷயத்துல நான் கேட்டது தப்பு மைனி. அண்ணன் சொன்னான். ரெண்டாயிரத்தி இருபத்திரண்டுலயே சொன்னான்."

மைனி சட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "பயறு கருகுது. நீ கிண்டு, நான் சாயா போடுகேன்" என்று சட்டுவத்தை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். வர நேரமானது. வந்தபோது முகம் கழுவியிருந்தது. நான் பயறைக் கருக விடவில்லை.

சாயா குடித்து முடித்ததும், "ஜாக்கெட்டு தைக்கவா வந்த?" என்றார். ஆமாம் என்றேன். பீரோவிலிருந்து மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை எடுத்து வந்தார், துணி இன்னும் வெட்டாமல் சேலையோடேயே இருந்தது. டேப் வைத்தேன். மார்பு 35. இடுப்பு 32. "என்ன மைனி இப்பிடி?" என்றேன். "சுகரு" என்றார். பழைய அளவில் தைத்திருந்தால் தோளில் நிற்காமல் வழிந்திருக்கும். பழைய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் தேதி போட்டுப் புதிதாக எழுதினேன். கைச்சுற்று அளக்கும்போது கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"போன தடவ கை ரொம்ப இறுக்கம். தூக்கவே முடியல்ல. அன்னைக்கே சொல்லணும்னு நெனச்சேன்."

ஆறு வருஷம் முந்தின ஜாக்கெட். அரை இஞ்சு கூட வைக்கிறேன் என்றேன். முக்கால் வை என்றார். கூலி வேண்டாம் என்றதற்கு, "அப்பொ துணியத் திருப்பித் தா" என்று கையை நீட்டினார். சரி, வாங்கிக்கொள்கிறேன் என்றேன். வாசல் வரை வந்து, "இருபத்திநாலாந்தேதி சாயங்காலத்துக்குள்ள வேணும். பாதிராப் பூசைக்கு உடுக்கணும்" என்றார்.

நாளை நான்காம் ஞாயிறு. சுவரில் இன்னும் பதினேழு ஜாக்கெட் பாக்கி நிற்கிறது. மயில்கழுத்தைத்தான் முதலில் வெட்டினேன், வரிசைப்படி அது பதினெட்டாவது. உடம்பு முடிந்துவிட்டது, கையும் வைத்தாயிற்று, முக்கால் இஞ்சு கூட விட்டே வைத்திருக்கிறேன். ஹூக் மட்டும் பாக்கி. மழை இருட்டிக்கொண்டு வருகிறது, கரண்ட் போவதற்குள் அதை முடிக்க வேண்டும்.